பெரியவர்கள் உடம்பில் காயமா? அன்றைக்கே சொல்லுங்கள்!

பால் எடையில் குறை விழுந்தால் அன்றைக்கே ஸ்டோரில் கேட்டுவிட வேண்டும். சம்பளத்தன்று போய்க் கேட்டால் கிராணி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இது நமக்குத் தெரிந்த கணக்கு. முதியோர் இல்லத்தில் விட்டுவந்த தாய் தகப்பன் விஷயத்தில் மட்டும் இதை ஏன் மறக்கிறோம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிள்ளைகள் பிறைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கம் இல்லங்களில் சேர்க்கிறோம். அதில் குற்றமில்லை. நல்லபடி நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் கன்றிப்போன கை, படுக்கைப் புண், ஆள் இளைத்துப்போவது, வேலையாளைக் கண்டதும் வாய் மூடுவது, இவற்றைப் பார்த்த பிறகும், “கேட்டா அம்மாவ வெளியே அனுப்பிடுவாங்க” என்று பலர் மென்று விழுங்குகிறார்கள்.

சிங்கப்பூர் நைட்டிங்கேல் இல்லத்தில் 2011-இல் ஒரு மூதாட்டி நடத்தப்பட்ட விதத்தைக் குடும்பத்தார் மறைகேமராவில் பிடித்துக் காட்டினார்கள். சுகாதார அமைச்சு விசாரித்தது. புதிதாக ஆள் சேர்க்கத் தடை போட்டது. வாய் திறந்ததால்தான் இது நடந்தது.

கன்றிய காயம் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். வேலையாள் மாறிப் போவார். ஞாபகம் தப்பிய பெரியவருக்கு நடந்ததே மறந்துபோகும். ஆகவே தாமதம் கூடாது. காயத்தைப் படம் எடுங்கள், தேதி குறியுங்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி டாக்டரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். போலீசிலும் சமூக நல இலாகாவிலும் புகார் கொடுங்கள். 15999 என்ற எண்ணுக்கு இரவிலும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

சந்தேகம் இருந்தாலே போதும்; நிரூபிப்பது அதிகாரிகளின் வேலை. 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு நிலையச் சட்டப்படி இல்லங்கள் நல இலாகாவில் பதிய வேண்டும். அதிகாரிகள் உள்ளே போய்ச் சோதிக்கலாம். வேறு இடம் கிடைக்குமா என்று அந்த இலாகாவையே கேளுங்கள். நாதியற்ற ஏழை முதியோருக்குப் பீடோங்கில் அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது பலகாரத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். கை, கால், முதுகைப் பாருங்கள். தனியாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். போலீசுக்குப் போகத் தயக்கமா? சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் கூட வருகிறோம்.