வந்து வந்து போகும் எச்சரிக்கை

பசறையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மத்திய கிழக்கில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் ஏறிய விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டதாம். ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது, கணினியை மீள இயக்கிப் பார்க்கிறோம் என்று விமானி அறிவித்தாராம். உள்ளே விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. சற்று நேரத்தில் விமானம் கிளம்பிவிட்டது. "நாங்கள் வீட்டில் டிவியை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது மாதிரித்தானா இதுவும்? அதே எச்சரிக்கை நடுவானில் வந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆம், ஏறக்குறைய அப்படித்தான். தரையில் நிற்கும்போது, கைநூல் அனுமதிக்கும் கணினிகளை அதில் சொல்லியபடி மீள இயக்கலாம். இரண்டாவது கேள்விதான் பல நாளாக என் மனதிலும் கிடக்கிறது.

வானில் எச்சரிக்கை வந்தால் மணி ஒலிக்கும், திரையில் வாசகம் தோன்றும். சிவப்பென்றால் உடனே செயல்பட வேண்டியது. மஞ்சளென்றால் கவனிக்க வேண்டியது. எதுவானாலும் முதல் வேலை விமானத்தை ஓட்டுவதுதான். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் செய்வார். ஏர்பஸ் விமானங்களில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. புறப்படும் ஓட்டத்தில் வேகம் 80 நொட் தாண்டியதிலிருந்து 1,500 அடி உயரம் ஏறும் வரை, மிக முக்கியமானவை தவிர மற்ற எச்சரிக்கைகளை இயந்திரமே அடக்கி வைத்துக்கொள்ளும். 1,500 அடி என்பது நம் பதுளை நகரம் இருக்கும் உயரத்தைவிடக் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்தில் விமானியின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஒரு கருவி அடியோடு செத்துப்போனால் விமானிக்கு அவ்வளவு சிக்கலில்லை. அதை விட்டுவிட்டு மாற்றுக் கருவியில் ஓட்டலாம். வந்து வந்து போகும் பழுதுதான் பொல்லாதது.

என் அப்பா தேயிலைப் பேக்டரியில் பிட்டராக இருந்தவர். எங்கள் லயத்துக் காம்பராவில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. மார்கழி, தை குளிரில் விடியற்காலை அது வாய் திறக்காது. வெயில் ஏறிக் கூரைத் தகரம் சூடானதும் தானாகப் பாடத் தொடங்கிவிடும். பதுளை டவுனுக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அது நன்றாகியிருக்கும். "இதுல ஒரு பழுதும் இல்லையே" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். மறுநாள் விடியலில் மறுபடி ஊமை. கடைசியில் அப்பா ஒரு நாள் ஐந்து மணிக்கே எழுந்து, குளிரோடு குளிராக அதைத் திறந்து, டோர்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்திருந்த ஓர் ஈயப் பொட்டைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு கீறல். செம்பும் ஈயமும் ஒரே அளவில் விரிவதில்லை, ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. பல வருடம் சூடும் குளிருமாக மாறி மாறி இழுபட்டுப் பொட்டு வெடித்திருந்தது. குளிரில் விலகும், சூட்டில் தொடும்.

2014 டிசம்பர் 28 ஞாயிறு அதிகாலை, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு 162 பேருடன் புறப்பட்ட ஏர் ஏசியா 8501 விமானத்தில் இருந்ததும் இதே கீறல்தான். வால்பகுதியில் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவி உண்டு. இறக்கத்தில் வேகமாக வரும் பஸ்ஸின் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்தால் என்ன ஆகும் என்பது மலைநாட்டவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகமாகப் பறக்கும்போது சுக்கான் அப்படி ஒடியாமல் தடுப்பதே அந்தக் கருவியின் வேலை. அதன் மின்பலகையில் ஈயப் பற்று வெடித்திருந்தது. தரையில் கொளுத்தும் வெயில், மேலே உறைகுளிர், மின்சாரம் வந்தும் நின்றும் உண்டாகும் சூட்டு மாற்றம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அந்தக் கருவியின் பழுது அதற்கு முந்திய 12 மாதங்களில் 23 தடவை பதிவாகியிருந்தது. தரையில் சோதித்தார்கள், மீள இயக்கினார்கள். போனது, திரும்ப வந்தது. கடைசி மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அன்று 32,000 அடியில், அதாவது நமுனுகுல மலையைக் கிட்டத்தட்ட ஐந்து தடவை அடுக்கிய உயரத்தில், 15 நிமிடத்துக்குள் அந்த எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறையும் விமானிகள் திரை சொன்னபடியே செய்தார்கள். நான்காவது முறைக்குப் பிறகு நடந்தது வேறு. சுக்கானைக் கவனிக்கும் கணினிகளின் மின்சாரப் பிரேக்கரைக் கழற்றிப் போட்டதற்கான தடயம்தான் பறப்புப் பதிவில் இருந்தது. மூன்று நாளுக்கு முன் தரையில் ஒரு பொறியியலாளர் அப்படிச் செய்ததைத் தலைமை விமானி பார்த்திருந்தார். தரையில் அது சரி. வானில் தன்னியக்க ஓட்டி விலகியது, பாதுகாப்பு அரண்கள் விலகின, விமானம் இடப்பக்கம் 54 பாகை வரை சரிந்தது. ஒன்பது விநாடிக்கு யாரும் கட்டுப்பாட்டுப் பிடியை அசைக்கவில்லை. பிறகு அதை அளவுக்கு மீறிப் பின்னிழுத்ததால் மூக்கு உயர்ந்து, இறக்கைகள் தாங்கும் வலுவை இழந்து, விமானம் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

சுக்கான் கருவியின் அந்தப் பழுது தனியே விமானத்தை வீழ்த்தக்கூடியதல்ல. மணியை நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரம்தான் விபத்தின் வாசலைத் திறந்தது என்பது என் எண்ணம். வாசகிக்கு என் பதிலும் அதுதான்: நல்ல விமானி அந்த மணியோடு பொறுமையாகப் பறப்பார். கைநூல் சொன்னதை மட்டும் செய்வார். இறங்கியதும், அப்போது எச்சரிக்கை மறைந்திருந்தாலும், எந்த உயரத்தில் எத்தனை தடவை வந்தது என்று பதிவேட்டில் எழுதுவார். எழுதிய குறைக்கு ஒரு பொறியியலாளர் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த பயணம்.

அந்தக் கையொப்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மீரியபெத்தை ஞாபகம் வருகிறது. 8501 விழுவதற்குச் சரியாக 60 நாள் முன்பு, 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மழை வந்தது, போனது; மலை நின்றது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாத சனத்திடம் எழும்பிப் போ என்று சொன்னால் எங்கே போகும்? குடியிருக்க வேறு இடம் காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். விமானத்தின் 23 தடவைக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ கையொப்பமாவது இட்டார்கள். நம் மலைகளுக்கு அந்தப் பதிவேடுகூட இல்லை.

அதனால் லயத்தில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். சுவரிலோ வாசலிலோ வெடிப்புக் கண்டால் உடனே சீமெந்து பூசி மறைக்காதீர்கள். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் திகதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மரங்கள் சாய்கின்றனவா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, வற்றுகிறதா என்பதையும் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு கிராம உத்தியோகத்தரிடம் போய், வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் கேளுங்கள். வெடிப்பு விரிவது கண்ணுக்குத் தெரிந்தால் கொப்பியைத் தேட வேண்டாம். முதலில் வீட்டை விட்டு வெளியேறுங்கள், பிறகு 117க்கு அழையுங்கள்.