உள்ளாடையில் ஒளிந்திருந்த நெருப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் குளிர்காலத்துக் குழந்தைக்கு ஒரு சட்டை போதாது. உள்சட்டை, அதன்மேல் உள்பாவாடை, பிறகுதான் கவுன். இரவில் நீண்ட படுக்கையங்கி வேறு.

வசதியுள்ள வீடுகளில் இவற்றைக் கம்பளி ஃப்ளானலில் தைத்தார்கள். ஏழைத் தாய்க்கு அந்த விலை கட்டுமா? அவளுக்குக் கை கொடுத்தது 'ஃப்ளானலெட்' என்ற பருத்தித் துணி. நெய்த துணியைக் கம்பிப் பற்களால் சுரண்டிப் பஞ்சு போல் மயிர் எழுப்பிவிடுவார்கள். அந்த மயிரிழைகளுக்கிடையே காற்று தங்கும், உடம்புக்குக் கதகதப்பு. விலையோ மலிவு.

ஆனால் கம்பளி எளிதில் தீப்பற்றாது; பருத்தி பற்றும். காற்றோடு கலந்து நிற்கும் மெல்லிய பஞ்சு என்றால் கேட்கவே வேண்டாம். கணப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் தீ உடை முழுவதும் ஓடிவிடும். இப்படி மாண்ட குழந்தைகள் பலர்.

1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்லிற்று. தடுப்பில்லாத கணப்பு உள்ள அறையில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை விட்டு, அது தீயில் மாண்டாலோ பலத்த காயமுற்றாலோ, பொறுப்பாளருக்குப் பத்து பவுன் வரை அபராதம்! பிள்ளையைப் பறிகொடுத்தவளே குற்றவாளிக் கூண்டிலும் நிற்க நேரிடலாம். துணியை விற்றவரை அந்தப் பிரிவு தொடவில்லை.

துணியின் குற்றத்தைத் துணியிலேயே தீர்க்க முயன்றவர் மான்செஸ்டர் ரசாயனப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி பெர்கின். 1856-இல் ஊதாச் செயற்கைச் சாயம் கண்ட பெர்கினின் மகன் இவர். அதுவரை பயன்பட்ட உப்புகள் முதல் சலவையிலேயே கரைந்துவிடும். இவரோ துணியைச் சோடியம் ஸ்டானேட்டில் தோய்த்து உலர்த்தி, பின் அம்மோனியம் சல்பேட்டில் தோய்த்தார். வெள்ளீய ஆக்சைடு நூலிழைக்குள்ளேயே தங்கிற்று, சோப்புக்கும் அசையவில்லை. 1912-இல் நியூயார்க் ரசாயன மகாநாட்டில் அவர் இதை விளக்கினார். 'நான்-ஃப்ளாம்' என்ற பெயரில் அத்துணி கடைக்கும் வந்தது.

தீப்பற்றாத துணி என்று பொய் சொல்லி விற்பதை 1913-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் சாதாரண ஃப்ளானலெட்டை விற்கத் தடையில்லை. பக்குவப்படுத்திய துணிக்கு விலை கூடுதல். யாருக்கு அது மிகவும் தேவையோ, அவர்கள் கை பழைய துணிக்கே போயிற்று.

குழந்தைகளின் படுக்கையங்கிகளை எளிதில் தீப்பற்றாத துணியில் தைத்தே விற்கவேண்டும் என்ற விதி பிரிட்டனில் வந்தது 1964-இல். தாயைக் கேட்ட கேள்வியை வியாபாரியிடம் கேட்க, சட்டத்துக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.