பழையதா, புதியதா? ஒரு டுகாட்டிக் கணக்கு

மொழியையும் இலக்கியத்தையும் பேசும் இம்மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் கழகத்துத் தம்பி ஒருவர் அண்மையில் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். வேலையில் அமர்ந்து சில ஆண்டுகள் சேர்த்த பணம் அவர் கையில் இருக்கிறது. "அண்ணே, 1996-ஆம் வருசத்து டுகாட்டி 916 ஒன்னு விலைக்கு வந்திருக்கு. சின்ன வயசுல படமா வெட்டிச் சுவத்துல ஒட்டி வச்சிருந்த வண்டி. அதை வாங்கவா, இல்ல லோன் போட்டுப் புது பனிகாலே வி2 எடுக்கவா?" என்றார். நான் இயந்திரவியல் படித்தவன். இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தவன். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே ஆசை இன்னும் சிலருக்கு இருக்கக்கூடும் அல்லவா!

முதலில் 916-இன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் விற்பனைக்கு வந்த இதை வடிவமைத்தவர் மாசிமோ தம்புரினி. இருக்கைக்கு அடியில் இரட்டைப் புகைக்குழாய், பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஒற்றைக் கை, கூர்மையான இரண்டு முகப்பு விளக்குகள் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைப் பார்த்துப் பின்னர் மற்ற நிறுவனங்களும் வரைந்தன. கார்ல் ஃபோகார்ட்டி 1994, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், ட்ராய் கார்சர் 1996-இலும் உலக சூப்பர்பைக் பட்டத்தை இந்த வண்டியில்தான் வென்றார்கள். ஆகவே தம்பியின் ஆசையை வெறும் பகட்டு என்று நான் ஒதுக்க மாட்டேன்.

வேகத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. 916-இன் திறன் சுமார் 110 குதிரைத்திறன். 2025-ஆம் ஆண்டு மாடலாக வந்த 890 சிசி பனிகாலே வி2-வின் திறன் 120. முப்பது ஆண்டு இடைவெளியில் இவ்வளவுதானா வேறுபாடு என்று வியப்பாக இருக்கும்! எடையில் புதியது முந்துகிறது. எரிபொருள் இல்லாமல் 179 கிலோ. பழையதோ, எண்ணெய், பேட்டரி எதுவும் சேராத உலர் எடையிலேயே 195 கிலோ அளவில் நிற்கும். நம் நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் போனால் சம்மன் வரும். இரண்டு வண்டியும் அந்த வேகத்தைக் கொட்டாவி விட்டபடியே தொட்டுவிடும்.

உண்மையான வேறுபாடு எஞ்சினுக்குள் இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். சாதாரண எஞ்சினில் 'கேம்' எனப்படும் முட்டை வடிவத் துண்டு வால்வைத் திறக்கும். ஸ்பிரிங் அதை மூடும். 1950-களில் பந்தய எஞ்சின்களின் சுழற்சி கூடக் கூட, அன்றைய ஸ்பிரிங்குகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒன்று உடைந்தன, அல்லது வால்வை நேரத்தோடு மூடாமல் பிந்தின. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-இல் 125 சிசி பந்தய வண்டி ஒன்றில், வால்வைத் திறக்க ஒரு கேம் இருப்பதுபோல் மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் வைத்தார். 'டெஸ்மோ' என்று ரசிகர்கள் உருகிப் பேசுவது இதைத்தான்.

உருகுவதற்கு விலை உண்டு. 916-இல் 8 வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் திறக்கும் பக்கம் ஓர் இடைவெளி, மூடும் பக்கம் ஓர் இடைவெளி. ஆக 16 இடைவெளிகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் அளந்து, சின்னஞ்சிறு தகடுகளை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இந்த வேலை வரும். கைதேர்ந்த மெக்கானிக் வேண்டும்; அவருக்குப் பொறுமையும் வேண்டும். கேமைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். புதிய வி2-விலோ டெஸ்மோ கிடையாது! ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டார்கள். உலோகமும் வடிவமைப்பும் அவ்வளவு முன்னேறிவிட்டன. வால்வுச் சோதனை 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறைதான். 'டெஸ்மோ இல்லாத டுகாட்டி டுகாட்டியா?' என்று புலம்புவோர் உண்டு. பட்டறைச் செலவைக் கட்டுபவர்கள் அவ்வளவாகப் புலம்புவதில்லை.

இன்னொன்று, பழைய வண்டிக்கு வயது கிலோமீட்டரில் மட்டும் ஏறுவதில்லை. 'வெறும் 15,000 தான் ஓடியிருக்கு' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். நின்றே கிடந்த வண்டியில் பெட்ரோல் குழாய் வெடித்திருக்கும், ரப்பர் முத்திரைகள் காய்ந்திருக்கும், மின்கம்பி இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். நம் ஈரக் காற்று இதை இன்னும் விரைவாகச் செய்யும். முறையாகப் பராமரித்து 40,000 ஓடிய வண்டியை நான் துணிந்து வாங்குவேன்.

பாதுகாப்புக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மழை கொட்டும்போது, சாலையில் அடித்த வெள்ளைக்கோட்டின் மேல் பிரேக் பிடித்தால் என்ன நடக்கும்? 916-இல் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மிச்சம் ஓட்டுநரின் விரல்களின் திறமை. வி2-வில் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை உணர்கருவி அளந்துகொண்டே இருக்கும். வளைவிலும் ஏபிஎஸ் வேலை செய்யும். பின்சக்கரம் வழுக்கினால் எஞ்சின் தானே தணியும். தம்பி இதுவரை ஓட்டியது 150 சிசி. முழு 'பி' உரிமம் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் அம்மாவும் எனக்குத் தெரிந்தவர்.

பணத்தைப் பொறுத்தவரை, இரண்டுமே 800 சிசியைத் தாண்டியவை என்பதால் சாலை வரியில் மிச்சமில்லை. ஏறத்தாழ முப்பது வயதான வண்டிக்கு வங்கிக் கடனும் முழுக் காப்புறுதியும் கிடைப்பது அரிது. சேர்த்த பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால் முதல் பழுதுக்கே கையேந்த வேண்டிவரும். (சிங்கப்பூர் நண்பர்கள் வாகன உரிமைச் சான்றிதழையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய வண்டிக்கும் பத்தாண்டுக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கப் பணம் கட்டியாக வேண்டுமே!)

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: இருப்பது ஒரே வண்டி, அதில்தான் வேலைக்கும் போக வேண்டும் என்றால் புதியதையே எடுங்கள். வீட்டில் இன்னொரு வண்டி நின்று, ஞாயிறு காலை உலு யாம் பக்கம் போய்வர மட்டும் என்றால் 916-ஐப் போல் இன்பம் தருவது குறைவு. அந்த உலர் கிளட்ச் சில்லறைக் காசு குலுங்குவதுபோல் கலகலக்கும், நெரிசலில் தொடை வேகும், மணிக்கட்டு வலிக்கும். ஆனாலும் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் தண்டவாளத்தில் போவதுபோல் நிற்கும். பழுதானால் கணினியைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றை ஸ்பேனரோடு உட்கார்ந்து நாமே கற்றுக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லியும் மனம் 916-இலேயே நின்றால், பார்க்கப் போகும்போது சிலவற்றை விடாதீர்கள். கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பத்திரம் 'பிறகு வரும்' என்றால் திரும்பிவிடுங்கள். பெல்ட்டும் வால்வும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். இந்த எஞ்சின்களில் ராக்கரின் குரோம் பூச்சு உரிவது பலரும் அறிந்த நோய். அதைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டு 32-ஆவது வாரம் செய்தது. பள்ளம் குறையாமல் இருந்தாலும் அது கிழடுதான். முக்கியமாக, நீங்கள் வருவதற்குமுன் எஞ்சினை முடுக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சின் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படி முடுக்கம் பெறுகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவர் விரும்பவில்லை என்று பொருள்.