இசைத்தட்டின் கடைசிப் பாடல்

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபைச் சுற்றிப் பார்க்கச் செல்வோரில் இசைப்பிரியர்கள் 'ஸ்பில்லர்ஸ்' கடைக்குச் செல்லத் தவறுவதில்லை. 1894-இல் தொடங்கப்பட்ட இது, உலகிலேயே மிகப் பழைய இசைத்தட்டுக் கடை எனப்படுகிறது. தொடக்க காலத்தில் இங்கு மெழுகு உருளைகளும் அரக்குத் தட்டுகளும் விற்கப்பட்டன.

பல நகரங்களில் ஒருவர் கேட்டுக் கழித்த தட்டுகளை விற்கும் சிறு கடைகளும் உண்டு. அங்கு நல்ல தட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எல்.பி. தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.8 விநாடி. அந்நேரத்தில் ஊசி வெளிச்சுற்றில் சுமார் 92 செ.மீ. பள்ளத்தைக் கடக்கிறது, உட்சுற்றிலோ ஏறத்தாழ 38 செ.மீ. மட்டுமே. ஆகவே உட்சுற்றில் ஒலியலைகள் நெருக்கமாகப் பதிந்துள்ளன. அந்த நுண்ணிய வளைவுகளை ஊசிமுனை சரிவரப் பின்பற்ற இயலுவதில்லை. தேய்மானமும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் காதுக்குப் புலப்படும்.

எனவே தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறம் தெரிந்தால் பள்ளம் தேய்ந்திருக்கலாம். கடைக்காரர் இசைந்தால், முதல் பாடலை விட்டுக் கடைசிப் பாடலைக் கேளுங்கள். அது தெளிவாக ஒலித்தால் தட்டை நம்பி வாங்கலாம்.