நான்கு சக்கரங்களும் இழுக்கும், நிறுத்துமா?

கோடையில் பாலாறு வறண்டு கிடக்கும். அந்த மணலில் இறங்கி மாட்டிக்கொண்ட வண்டியை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கலாம். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் உறுமுகிறது. பின்சக்கரங்கள் இரண்டும் வேகமாகச் சுழல்கின்றன. மணல் பின்னால் பறக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை. இன்னும் மிதித்தால் சக்கரம் இன்னும் புதைகிறது. எஞ்சினில் திறன் குறைவா? இல்லை. அப்படியானால் குறைவது எது?

குறைவது பிடிப்பு. எஞ்சின் எவ்வளவு வலிமையுள்ளதாக இருந்தாலும், டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு அனுமதிக்கும் அளவுக்கு மேல் வண்டியைத் தள்ள முடியாது. இந்த ஓர் உண்மையைச் சுற்றி ஒரு பந்தய விளையாட்டே வளர்ந்திருக்கிறது. பழைய வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்து, சொந்தக் கைச்செலவில் அதில் ஈடுபடுவோர் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுடைய பட்டறையில் நடப்பது முழுக்க முழுக்க உங்கள் இயற்பியல் பாடந்தான். அதைச் சற்று உள்ளே சென்று காண்போம்.

மண்ணில் ஒரு பந்தயம்

பாதி தாரும் பாதி மண்ணுமான சிறு சுற்றுப்பாதையில் கார்களை ஓட்டும் பந்தயத்துக்கு ராலி கிராஸ் என்று பெயர். இங்கிலாந்தில் லிடன் ஹில் என்ற இடத்தில் 1967 பிப்ரவரியில், தொலைக்காட்சிக்காக முதன்முதலில் நடத்தப்பட்டது. அப்போது ஓடியவை இரண்டு சக்கரங்களால் மட்டும் உந்தப்படும் கார்கள். 1980-இல் ஆடி நிறுவனம் நான்கு சக்கரங்களும் உந்தும் 'குவாட்ரோ' காரை வெளியிட்டது. மறு ஆண்டே, பனி மூடிய ஸ்வீடன் ராலியில் ஹன்னு மிக்கோலா அதை ஓட்டி வென்றார். அதே 1981-இல் இத்தாலியின் சான் ரேமோ ராலியில் மிஷெல் மூட்டோன் இதே காரில் வென்று, உலக ராலிப் போட்டியில் ஒரு சுற்றை வென்ற முதல் பெண்மணி ஆனார். வழுக்கும் தரையில் நான்கு சக்கர இயக்கம் என்ன செய்யும் என்று உலகம் கண்டுகொண்டது.

நம் நாட்டில் இந்த இடத்தைப் பிடித்தது மாருதி ஜிப்ஸி. 1985 இறுதியில் வெளிவந்தபோது அதில் இருந்தது 970 கன செ.மீ. எஞ்சின். 1996-இல் 1,298 கன செ.மீ. எஞ்சின் வந்தது, 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதன் திறன் சுமார் 80 குதிரைத்திறனாக உயர்ந்தது. பல முறை தேசிய ராலி வீரராக வாகை சூடிய சண்டிகர் ஹரி சிங்கின் பெயர் ஜிப்ஸியோடு சேர்த்தே சொல்லப்படும். 1999-இல் தொடங்கிய 'ரெய்டு டி ஹிமாலயா' என்ற மலைப் பந்தயத்தில் ஜிப்ஸிகள் கூட்டங்கூட்டமாக ஓடின. பொதுமக்களுக்கு அதை விற்பது 2019 வாக்கில் நின்றுவிட்டது. ஆகவே இன்று பந்தயத்துக்குக் கிடைப்பவை எல்லாம் வயதான வண்டிகளே.

வாலாஜாபாத்திலிருந்து அதிகத் தொலைவில்லை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இங்கே தனக்கென்று பந்தயப் பாதை அமைத்தது. நம் மாவட்டத்தின் பட்டுத் தறிகளின் ஓசைக்கு அருகிலேயே எஞ்சின்களின் ஓசையும் இருக்கிறது!

பிடிப்பின் கணக்கு

இப்போது தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் நிறை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், எடை 10,000 நியூட்டன். தளர்ந்த மண்ணில் உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

இரண்டு சக்கரங்கள் மட்டும் உந்தினால், அவற்றின்மேல் உள்ள எடை 5,000 நியூட்டன். கிடைக்கும் உந்துவிசை 5,000 × 0.4 = 2,000 நியூட்டன். முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர். நான்கும் உந்தினால் விசை 4,000 நியூட்டன். முடுக்கம் 4 மீட்டர். நின்ற நிலையிலிருந்து வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தை எட்ட முதல் வண்டிக்கு 5 வினாடி ஆகும். இரண்டாவது வண்டிக்கு இரண்டரை வினாடி போதும். எஞ்சினைத் தொடவே இல்லை, நேரம் பாதியாகிவிட்டது!

அடுத்து பிரேக்குக்கு வருவோம். பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. ஆகவே இரண்டு வண்டிகளுக்குமே நிறுத்தும் விசை அதே 4,000 நியூட்டன்தான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டரில் வரும் வண்டி நிற்க எவ்வளவு தொலைவு வேண்டும்? வேகத்தின் இருமடியை முடுக்கத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும்: 400 ÷ 8 = 50 மீட்டர். இரண்டு சக்கர இயக்கமானாலும் 50 மீட்டர். நான்கு சக்கர இயக்கமானாலும் அதே 50 மீட்டர்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும். நான்கு சக்கர இயக்கம் வண்டியை விரைவில் வேகமெடுக்க வைக்கும், விரைவில் நிறுத்தாது. புறப்படும்போது கிடைத்த நம்பிக்கையில், வளைவுக்கு முன் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பவர் பாதையை விட்டு வெளியே போவார்.

தராசும் டிஃபரன்ஷியலும்

மாட்டுவண்டியின் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்பவை. திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தொலைவு உருளும். உட்சக்கரம் குறைவாக உருளும். காரில் எஞ்சின் இரண்டையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால், இந்த வேறுபாட்டை அனுமதிக்க நடுவில் ஒரு பல்சக்கரத் தொகுதி வைக்கிறார்கள். அதுவே டிஃபரன்ஷியல்.

இது ஒரு தராசைப் போன்றது. இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான திருப்புவிசையையே பகிர்ந்தளிக்கும். ஒரு சக்கரம் குழியின்மேல் அந்தரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. ஆகவே தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது. ஒரு தட்டில் எதிர்ப்பு இல்லாதபோது மறு தட்டை மட்டும் அழுத்த முடியுமா?

ஜிப்ஸியின் முன்சக்கரக் குடத்தில், சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் ஓர் அமைப்பு உண்டு. பந்தயத்துக்கு முன் இரண்டையும் பூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டி மற்றதை மறந்தால் என்ன ஆகும்? தராசை நினையுங்கள். முன்சக்கரங்கள் இரண்டுமே இழுக்காது! இதனால்தான் தேர்ந்த மெக்கானிக் புறப்படுமுன் இரண்டு பக்கமும் குனிந்து பார்க்கிறார்.

வளைவில் வரும் வம்பு

ஜிப்ஸியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன், முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவிலோ முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் செல்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.375 மீட்டர் இருக்கிறது. பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் சுற்றினால், முன் அச்சு ஏறத்தாழ அரை மீட்டர் அதிகம் உருள வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

மண்ணில் டயர் சற்று வழுக்கி இந்த அரை மீட்டரைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது. அப்போது சுழல்தண்டுகள் பிழிந்த துணிபோல் முறுக்கேறுகின்றன. கியரை விடுவிக்க முடியாமல் இறுகும். பலவீனமான பல்சக்கரம் உடையலாம். ஆகவே இவ்வகை வண்டியில் நான்கு சக்கர இயக்கம் மண்ணுக்கு உரியது. காய்ந்த தார்ச்சாலைக்கு அன்று.

டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன்டயர் தேய்ந்து அதன் ஆரம் 5 மில்லிமீட்டர் குறைந்தால், சுற்றளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறையும். நேர்ச்சாலையிலேயே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 15 மீட்டர் இழுபறி!

முதலில் பராமரிப்பு

பழைய வண்டியை வாங்கியவுடன் பலருக்கும் எஞ்சின் திறனைக் கூட்டும் ஆசை வரும். அனுபவசாலிகள் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள்.

முதலில் எண்ணெய். கியர் பெட்டி, முன்பின் அச்சுகளுக்குத் திறனைப் பிரிக்கும் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷியல்கள் ஆகிய நான்கு இடங்களிலும் வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எப்படிப் புகும்? ஓடிச் சூடான அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளே உள்ள காற்று சுருங்கி அழுத்தம் குறைகிறது. மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் தேய்ந்த சீல் வழியே நீர் உறிஞ்சப்படும். வாயு விதியைப் படித்தவருக்கு இது வியப்பாக இராது.

அடுத்து பேரிங்குகள். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். 'கடக்' என்று ஆடினால் சக்கர பேரிங்கோ கிங் பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. வேகத்தில் அந்தச் சிறு ஆட்டமே ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும் நடுக்கமாக வளரும்.

பிறகு பட்டை ஸ்பிரிங்குகள். விரிசல் கண்ட பட்டை, தளர்ந்த யூ போல்ட், நைந்த ரப்பர் புஷ் ஆகியவற்றை மாற்ற வேண்டும். அதிர்வுதாங்கிகள் நல்ல நிலையில் இருப்பது எஞ்சின் திறனைவிட மேலானது. ஏனெனில், துள்ளும் சக்கரம் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் உராய்வு பூஜ்யம். அதிர்வுதாங்கி துள்ளலின் ஆற்றலை வெப்பமாக்கிச் சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருக்கிறது.

கடைசியாக பிரேக். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் 1,000 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 2,00,000 ஜூல். நிறுத்தும்போது அதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை இப்படி நடக்கும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதன் கொதிநிலை இறங்கும். கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதியை அழுத்தும்போது குமிழிதான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. சில நூறு ரூபாய் எண்ணெயை மாற்றாமல் விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பிறகு மாற்றங்கள்

வண்டியை உயர்த்தினால் கம்பீரமாக இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது? இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரட்டிப்பால் வகுத்தால் வரும் எண்ணைப் பாருங்கள். அகலம் 1.3 மீட்டர், உயரம் 0.65 மீட்டர் என்றால் விடை 1. வண்டியை உயர்த்தி மையம் 10 செ.மீ. மேலே போனால் விடை 0.87. டயரின் உராய்வுக் குணகம் இந்த எண்ணைவிடக் குறைவாக இருக்கும்வரை வண்டி வழுக்கும், அதிகமானால் கவிழும். மண்ணில் 0.4 என்பதால் வழுக்கும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கிவந்த வண்டி திடீரெனத் தாரின் விளிம்பில் ஏறினாலோ பள்ளத்தில் தட்டினாலோ என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் மாற்றம் உருக்குக் குழாய்களால் ஆன பாதுகாப்புக் கூண்டு. அதைத் துருப்பிடித்த அடிச்சட்டத்தில் பற்றவைத்துப் பயனில்லை; சட்டத்தைச் சீர்செய்த பின்பே கூண்டு. அதன்பின் பந்தய இருக்கை வார், தீயணைப்பான், மண்ணுக்கேற்ற டயர். தேவையற்ற பின்இருக்கைகளைக் கழற்றி எடை குறைக்கலாம். இவை எல்லாம் முடிந்த பிறகே எஞ்சினுக்கு முறை. பந்தயம் நடத்துவோரும் வண்டியைச் சோதித்து ஒப்பிய பின்பே பாதையில் விடுவார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டுங்கள். அதன்மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி வழுக்கி இறங்கும். அதே பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திச் சோதியுங்கள். வழுக்குமுன் கவிழும். இப்போது உப்புத்தாளை எடுத்துவிட்டு, பலகையில் முகப்பவுடரைத் தூவிச் சோதியுங்கள். நிற்கும் பெட்டிகூடக் கவிழாமல் வழுக்கலாம். பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, எந்தக் கோணத்தில் எது நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராலி கிராஸ் பாதையின் மண்ணும் தாரும் உங்கள் மேசைக்கே வந்துவிட்டன.

ஒரு சொல் எச்சரிக்கையாக. பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்திப் பொதுச்சாலையில் ஓட்டுவதை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் தடுக்கிறது. சாலையில் பள்ளிக்குழந்தைகள் நடக்கிறார்கள். மாடுகள் குறுக்கே வருகின்றன. பந்தய வண்டிக்கு இடம் பந்தயப் பாதை. எந்த வண்டியானாலும், எத்தனை சக்கரங்கள் இழுத்தாலும், அது நிற்பது நான்கு உள்ளங்கை அகல ரப்பரின் பிடிப்பில்தான். அந்த நான்கையும் தரையில் வைத்திருக்கத் தெரிந்தவரே நல்ல மெக்கானிக். அவற்றின் எல்லையை அறிந்து பிரேக்கை மிதிப்பவரே நல்ல ஓட்டுநர்.