பூனைக்காலி விதையும் மத்தியானப் பருப்பும்

தாமிரபரணி பிறக்கும் பொதிகைச் சரிவுகளில் பூனைக்காலிக் கொடி படர்ந்து கிடக்கும். காயின் சுனை மேலே பட்டால் அரிப்பு தாங்காது. அங்குள்ள காணி மக்கள் இதன் விதையைச் சாப்பிடுவார்கள். ஆனால் பல தடவை வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான். கொட்டுகிற தண்ணீரோடு போவதில் முக்கியமானது எல்-டோபா. அது மிகுந்தால் குமட்டல், வாந்தி.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசாமியும் இந்த விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அருமை தெரிய இன்னும் இருபது வருஷம் ஆனது. பார்கின்சன் நோயில் மூளையில் குறைவது டோபமீன். எல்-டோபா அதன் மூலப்பொருள்.

டோபமீனையே கொடுத்தால் என்ன? மூளைக்குள் போகாது. மூளையின் ரத்தத் தந்துகிகளில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. ஆக்சிஜன் தானாக ஊடுருவிவிடும். சத்துகளை உள்ளே கொண்டுபோய் விடவோ, செல் சவ்வில் தனித்தனிக் கடத்திப் புரதங்கள் வேண்டும். குளுக்கோஸுக்கு ஒன்று. மீன் கொழுப்பில் உள்ள டிஹெச்ஏவுக்கு ஒன்று; இதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014-இல்தான் கண்டுபிடித்தார்கள். பெரிய அமினோ அமிலங்களுக்கு எல்ஏடி1. எல்-டோபாவும் ஓர் அமினோ அமிலம் என்பதால் எல்ஏடி1 அதை ஏற்றிக்கொள்கிறது. உள்ளே போனதும் அது டோபமீனாகிறது.

ஆனால் எல்ஏடி1-இல் இடப்போட்டி உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது புரியும். பருப்பு, முட்டை, மீனில் இருந்து வரும் லியூசின், பினைல்அலனின் எல்லாம் அதே எல்ஏடி1-க்குத்தான் முண்டுகின்றன. குடலிலும் இதே நெரிசல். அதனால்தான் எல்-டோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். சிலருக்குக் காலையில் கேட்ட மாத்திரை மத்தியானம் கேட்காமல் போவதற்கு, சோற்றோடு சேர்ந்த பருப்பும் மீனும் காரணமாக இருக்கலாம். நம்மூர் அல்வா மேல் இந்தப் பழி விழாது. சர்க்கரைக்கு வழியே வேறு.

மாத்திரையில் எல்-டோபாவோடு கார்பிடோபாவும் சேர்ந்திருக்கும். எல்-டோபா வழியிலேயே டோபமீனாக மாறிக் குமட்டாமல் அது தடுக்கிறது. தான் மூளைக்குள் போக முடியாததால் அங்கே நடக்கவேண்டிய மாற்றத்தைக் கெடுப்பதுமில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பூனைக்காலிப் பொடியில் கார்பிடோபா கிடையாது. எல்-டோபாவின் அளவும் விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு பொடியும் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.