குண்டுக்கு அஞ்சிக் கட்டிய கோவில்

கிருஷ்ணகிரிச் சீமையின் நிலவரி வரலாற்றைப் புரட்டுகிறவர் எவரும் தாமஸ் மன்றோவைச் சந்திக்காமல் இருக்க முடியாது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கும்பெனியார் அதை அலெக்ஸாண்டர் ரீடிடம் ஒப்புவித்தார்கள். அவருக்கு உதவியாக வந்து, ஏழு வருஷம் ஊர் ஊராகத் தீர்வை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் மன்றோ. பின்னால் சென்னைக் கவர்னராகி, 1827-ல் காலராவுக்கு இரையான அவர், இன்று சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி ஆலயத்தில் அடங்கியிருக்கிறார்.

அந்த ஆலயம் விசித்திரமானது. 1678 மார்ச் 25-ல் அஸ்திவாரமிட்டு, 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை செய்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தேசங்களின் பழைய ஆலயங்களில் கூரை பெரும்பாலும் மரத்தால் ஆனது. உத்தரங்களில் தேவதூதர்களைச் செதுக்கி வைப்பதும் உண்டு. இங்கேயோ கூரையில் மரமே கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அரை வட்டமாக வளைத்த விதானங்கள். வெளிச் சுவரின் கனம் 4 அடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பதே நோக்கம். திட்டம் வகுத்தவர் பீரங்கிப் படைத் தலைவரான எட்வர்டு பௌல் என்பார்கள். கட்டடத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது!

ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரத்துக் கருங்கல். கல்கத்தாவில் கும்பெனிக்கு அடிகோலிய ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு 1689-ல் இதில்தான் ஞானஸ்நானம் நடந்தது. பீடத்தின் மேலுள்ள இராப்போஜனச் சித்திரம், 1761-ல் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்து வந்ததாம். கொள்ளைப் பொருளின் முன் மண்டியிட யாரும் கூசியதாகத் தெரியவில்லை. 1791-ல் பெங்களூர்ப் பேட்டையில் மாண்ட கர்னல் மூர்ஹவுஸுக்கும் இங்கே ஒரு ஞாபகச் சின்னம் உண்டு. பாராமகாலைக் கைமாற்றியது அந்த யுத்தமே. செங்கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்த நம்மவர்களுக்குத்தான் சின்னம் ஏதும் இல்லை.

இவ்வாலயத்தின் முதல் கல்யாணம் 1680 நவம்பரில் நடந்தது. மாப்பிள்ளை எலிஹு யேல், வேல்ஸ் வம்சத்தவர். 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் பெரும் பொருள் திரட்டி, புகார்களுக்கு ஆளாகிப் பதவி இழந்தார். 1721-ல் அவரை அடக்கம் செய்தது வேல்ஸின் ரெக்ஸம் நகரத்து செயின்ட் கைல்ஸ் ஆலய முற்றத்தில். அங்கே தேவதூதர் செதுக்கிய மர விதானம் உண்டு. தீர்ப்பு நாளைக் காட்டும் சுவர்ச் சித்திரம் உண்டு. வேதம் வாசிக்க, 1524-ஆம் வருஷத்துப் பித்தளைக் கழுகுப் பீடம் உண்டு. சுமார் 135 அடி உயரமுள்ள கோபுரத்தின் அடியில் யேலின் கல்லறை. 1718-ல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். விற்ற பணம் 562 பவுன். கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.